சிவப்பு நூல் கட்டிய துப்பாக்கி

அன்பு மகனுக்கு, அரபு நாட்டுச் சத்வாவிலிருந்து உன் வாப்பா எழுதுவது. நேற்று போனில் நான் கத்தியது இன்னும் உன் காதில் இருக்கும். "மாமா துப்பாக்கில ஒரு தோட்டா கூடப் போடக் கூடாது, என் கடிதாசி வர்ற வரைக்கும் அதைப் பெட்டிய விட்டே எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நீ "ஏன் வாப்பா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். காரணத்தை வாயால் சொன்னால் கோபம் முந்திக்கொள்ளும், விஷயம் பின்னால் நிற்கும். அதனால்தான் இன்று ஜும்மா முடிந்ததும் கடைக்கு வந்து, ஒரு தையல் மிஷினைக் கழற்றிப் போட்ட மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கனடா விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறைக்குள் சின்னதாக இன்னொரு பொட்டலம் இருக்கும். அதை இப்போது பிரிக்க வேண்டாம், கடைசியில் சொல்கிறேன்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். "வாப்பா, இங்க காடு ரொம்ப அடர்த்தி. பத்தடிக்கு மேல மரம்தான் தெரியுது. மான் வேட்டைக்கு லீவர் துப்பாக்கி வாங்கச் சொல்றாங்க மாமா. எது மாதிரி வாங்கட்டும்?" என்று மூன்று வாரத்துக்கு முன்பு கேட்டாய். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நீ படித்த படிப்பைப் பற்றியோ பார்க்கும் வேலையைப் பற்றியோ என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை முதல் தடவையாகக் கேட்டாய். இங்கே பக்கத்துத் தேராவில் ஒரு வேட்டைச் சாமான் கடையின் பின்னறையில் பன்னிரண்டு வருஷம் துப்பாக்கிகளைக் கழற்றி, எண்ணெய் போட்டு, மாட்டியவன் நான். ஒரு முயலைக் கூடச் சுட்டதில்லை. ஆனால் சுடுகிறவர்கள் கொண்டுவந்து கொட்டிய குறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே முதலில் உன் கேள்விக்குப் பதில். என் ஆத்திரம் வரிசையில் நிற்கட்டும். இருபது வருஷம் நின்றதற்கு இன்னும் ரெண்டு பக்கம் நின்றால் செத்துப் போகாது.

குழல் நீளமானதை வாங்காதே. கடையில் பார்க்க நீளமான துப்பாக்கி கம்பீரமாக இருக்கும், காட்டில் ஒவ்வொரு கிளையும் அதைப் பிடித்து இழுக்கும். பதினெட்டு அங்குலம், மிஞ்சிப் போனால் இருபது. அடர்ந்த காட்டில் மான் ஐம்பது அறுபது கஜத்தில்தான் தட்டுப்படும், அதுவும் ரெண்டு மரத்துக்கு நடுவில் மூன்று நொடி. அதற்குப் பெரிய தோட்டாவும் வேண்டாம், மலைக்கு அப்பால் காட்டும் பெரிய தொலைநோக்கியும் வேண்டாம். தர்ட்டி தர்ட்டி என்று ஒரு பழைய அளவு இருக்கிறது. அந்தக் காட்டுக்கும் அந்த மானுக்கும் அது போதும், தோளையும் உடைக்காது. வாங்கப் போகும்போது குளிருக்குப் போடும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போ. கண்ணை மூடித் தோளில் வைத்துப் பிறகு கண்ணைத் திற. குறி நேராகத் தெரிந்தால் அது உன் துப்பாக்கி. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வா. எங்கள் கடையில் மெல்லிய கந்தூரா அங்கியோடு அளவு பார்த்து வாங்கிப் போய், குளிர் நாட்டில் கோட்டோடு தோளில் ஏறவில்லை என்று திரும்பி வந்து கத்திய அரபிகள் எத்தனையோ பேர்.

இந்த வகைத் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு அடுத்ததின் முதுகில் முட்டிக்கொண்டு. அதனால் மூக்குத் தட்டையான தோட்டாதான் போட வேண்டும், கூரானதைப் போட்டால் குழாய்க்குள்ளேயே வெடிக்க வழியுண்டு. விசையைச் சுற்றி வளையமாகத் தொங்கும் லீவரை முழுசாகக் கீழே தள்ளு, முழுசாக மேலே இழு. மானுக்குச் சத்தம் கேட்டுவிடுமோ என்று பாதி மனசாக இழுத்தால் தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ளும், மான் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகும். சுடும்போது பிஸ்மி சொல்ல மறக்காதே. இடுப்பில் நல்ல கத்தி இருக்கட்டும். உன் உம்மா போனில் முதலில் கேட்கப் போவது "ஹலாலா அறுத்தியாப்பா?" என்றுதான்.

உனக்கு லீவர்தான் தோது என்று நான் சொல்ல இன்னொரு காரணம், நீ இடது கைக்காரன். மற்றத் துப்பாக்கிகளில் இழுக்கிற பிடி வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். லீவர் நடுவில் தொங்குவதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஷார்ஜாவில் நாம் ஒற்றை அறையில் இருந்தபோது, நீ இடது கையில் பென்சில் எடுத்தால் உன் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பேன். சாப்பிடுகிற கைக்குச் சொன்னதை எழுதுகிற கைக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எனக்கு முன்னால் வலது கையில் கோணல் மாணலாக எழுதிக் காட்டிவிட்டு, நான் எழுந்து போனதும் கை மாற்றிக்கொண்டாய். கதவருகில் நின்று பார்த்தேன். எந்தத் தோளில் வைத்துச் சுடுவீர்கள் என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்டு, அதற்குத் தக்கபடி துப்பாக்கியின் மரக்கட்டையை இழைத்துக் கொடுத்தவன், பெற்ற பிள்ளையிடம் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள். நான் கேட்கும் மன்னிப்பு இந்தக் கடிதத்தில் இந்த ஒரு இடத்தில்தான் வரும்.

இனி உன் மாமனார். பன்னிரண்டு நாளுக்கு முன்பு நீ ஒரு வீடியோ அனுப்பினாய். ஜலால் காக்கா பழைய லீவர் துப்பாக்கி ஒன்றை யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்திருக்கிறார். "உங்க வாப்பாக்குத் தெரியாத துப்பாக்கியா மாப்புள? காட்டுங்க. கண்ணால பாத்தே சொல்லிருவாரு" என்கிறார். பிறகு தோட்டாவின் முதுகில் அடிக்கும் அந்தக் குட்டிச் சுத்தியலைக் கட்டைவிரலால் பாதி இழுத்து நிறுத்தி, "இதான் சேஃப்டி, இப்படி வச்சுக்கிட்டு நாள் முழுக்க நடக்கலாம்" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். டக்கென்று சுத்தியல் விழுகிறது. விசையில் அவர் விரலே இல்லை. "பழசுல்ல, கொஞ்சம் லூசு" என்று அவர் சிரிக்க, நீயும் சிரித்தாய். நான் அதை ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். பாதி இழுத்த சுத்தியல் ஒரு பள்ளத்தில் மாட்டி நிற்க வேண்டும், என்ன அழுத்தினாலும் விழக் கூடாது. பள்ளத்தின் விளிம்பு தேய்ந்துபோனால்தான் இப்படி விழும். உள்ளே தோட்டா இருந்து, ஒரு கிளை பட்டிருந்தாலும் வெடித்திருக்கும். இது எனக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்றால், இதே மாதிரித் துப்பாக்கியில் இதே தேய்மானத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் என் எதிரில் இருந்தவர் இதே ஜலால் காக்காதான்.

உனக்குச் சொல்லாத கதை இது. ஊரில் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என்னை, "உன் கைக்கு அங்க வேலை இருக்கு தம்பி" என்று விசா வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தவர் அவர்தான். அவர் முன்னால் கவுண்டரில், நான் பின்னறையில். நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். குறை உள்ள துப்பாக்கியின் லீவர் வளையத்தையும் கட்டையின் கழுத்தையும் சேர்த்துச் சிவப்பு நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவேன். நூலை அறுக்காமல் லீவரைத் திறக்க முடியாது, லீவரைத் திறக்காமல் தோட்டாவை உள்ளே ஏற்ற முடியாது. சிவப்பு நூல் என்றால் மாஃபி, கொடுப்பதற்கில்லை. கடை முதலாளி அர்பாபிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அது தெரியும். ஒரு நாள் வாடிக்கைக்காரப் பெரியவர் ஒருவரின் லீவர் துப்பாக்கி சர்வீசுக்கு வந்தது. சுத்தியல் நிற்கவில்லை. நூல் கட்டிவிட்டு, மாற்றுச் சாமானுக்குச் சொல்லிவிட்டு, அஸர் தொழப் போனேன். பெரியவர் அந்த நேரம் பார்த்து வந்து கேட்டிருக்கிறார். ஜலால் காக்காவுக்கு எந்த அரபியின் முகத்தைப் பார்த்தும் மாஃபி என்று சொல்ல நாக்கு எழாது. கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்து, துப்பாக்கியைத் துடைத்து, உறையில் போட்டு, சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். நான் வந்து கேட்டதற்கு, "அர்பாப் குடுக்கச் சொல்லிட்டாரு தம்பி. அவங்க வேற எடத்துல பாத்துக்குவாங்களாம்" என்றார். நம்பினேன்.

மறுநாள் காலை பெரியவரின் தோட்டத்தில் அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுத்தியலைப் பாதி நிறுத்தி வண்டியில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்து வெடித்தது. குண்டு பட்டது பெரியவரின் டிரைவர் மேல், நஸீர் என்று ஒரு பட்டாணியர். இடது முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. செய்தி வந்த உடனே நான் கவுண்டருக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். அறுந்த சிவப்பு நூல் கிடந்தது, எடுத்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஜலால் காக்கா கடையின் பின்னறைக்கு வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, எனக்கு மூணு பொம்பளப் புள்ள. நான் உள்ள போனா அதுங்க நடுத்தெருவுல நிக்கும். நூல் கட்ட மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அர்பாப் என் கைக்குள்ள. ரெண்டு நாள்ல கலாஸ், எல்லாம் முடிஞ்சிரும், நான் இருக்கேன்ல?" என்று அழுதார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவன் நான். விசா கொடுத்தவரும் உப்பிட்டவர்தானே என்று நினைத்தேன். போலீஸ் நீட்டிய, எனக்கு வாசிக்கத் தெரியாத அரபிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். மகனே, இந்த உலகத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். விசா கொடுத்தவனுக்கு நன்றி காட்டலாம், உழைப்பைக் கொடுக்கலாம். செய்யாத குற்றத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. உன் மாமனாருக்காக மட்டுமல்ல, எனக்காகவும் நீ அதைச் செய்யக் கூடாது.

ஒன்பது நாள் உள்ளே இருந்தேன். ஜலால் காக்கா ஒரு நாள் கூட எட்டிப் பார்க்கவில்லை. நஸீரின் அண்ணன் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "பாய், ஒரு நூலு கட்ட முடியலையா உன்னால?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டுப் போய்விட்டான். பத்தாம் நாள் விசா கேன்சல், ரெண்டு வருஷம் தடை. நாலாம் வகுப்புப் பாதியில் உன் பெயரை வெட்டிவிட்டு ஊருக்குக் கூட்டிப் போனோம். விமானத்தில் நீ ஏன் என்று கேட்டாய். "வாப்பாக்கு அந்த வேலை புடிக்கல" என்றேன், நீ இத்தனை வருஷமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். ஊருக்குப் போனால் எனக்கு முன்னால் என் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. "கவனமில்லாத பய. விசா குடுத்து நான் தலகுனிஞ்சு நிக்கிறேன்" என்று ஜலால் காக்கா பள்ளிவாசல் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். அதற்கு அப்புறம் எந்தத் துப்பாக்கிக் கடையும் என்னைச் சேர்க்கவில்லை. தடை முடிந்து பக்கத்து நாட்டில், ரூவியில் கொஞ்ச காலம், பிறகு இங்கே சத்வாவில் தையற்கடைகளின் மிஷினைச் சரி செய்துகொண்டு காலம் தள்ளினேன். அவர் குடும்பத்தோடு கனடா போய்ச் செழித்தார்.

நீ அங்கே படிக்கப் போய், ஹாஜிராவைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அவள் வாப்பா பெயரையும் சொன்ன அன்று, உன் உம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் சரி என்றேன். என் கெட்ட காலத்தில் நீ பள்ளிக்கூடத்தை இழந்தது போதும், பெண்ணையும் இழக்க வேண்டாம் என்று நினைத்தேன். நிக்காஹ் அன்று அவர் உன் கையைப் பிடித்து மகளை ஒப்படைத்தார். எல்லோரும் துஆவுக்குக் கை ஏந்தியிருந்தார்கள், நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலை அறுத்த கை. என் பிள்ளையின் கை அதற்குள் இருந்தது. அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்து, காதில், "பழசெல்லாம் அல்லாவுக்காக மறந்துரு தம்பி" என்றார். செய்தவர் மறக்கச் சொல்கிறார்! ஒரு வார்த்தை, "நான்தான் அறுத்தேன்" என்ற ஒரே வார்த்தையை அந்தப் பந்தலில் என் காதில் சொல்லியிருந்தால் கூட நான் உருகியிருப்பேன். பிரியாணி சட்டிக்குப் பக்கத்தில் நின்று பர்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அறுந்த நூல் அன்றைக்கும் அதில்தான் இருந்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்துவிட்டது, வீடியோவில். அந்த டக் சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன், பெற்ற பிள்ளையிடம் எதற்கு வேஷம். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அவர் அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவார், பாதி நிறுத்திய சுத்தியலோடு நாள் முழுக்க நடப்பார், ஏதோ ஒரு கிளை பார்த்துக்கொள்ளும். அவர் காலில் படட்டும், நஸீரின் கால் மாதிரி. அப்போது ஆஸ்பத்திரியில் அவரைக் கூப்பிட்டு, "ஏன் காக்கா, நூலு கட்ட மறந்துட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மிஷினுக்கு எண்ணெய் போடும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், தொழுகைக்கு ஒளு செய்யும்போதும் கூடச் சொல்லிப் பார்த்தேன். நீ ரெண்டு தடவை "வீடியோ பாத்தீங்களா வாப்பா, எப்படி?" என்று மெசேஜ் போட்டாய். "நல்லா இருக்கு" என்று பதில் போட்டேன். பதினோரு நாள், மகனே. உன் உம்மா "என்ன இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்று போனில் கேட்டாள்.

நேற்று நீ பேசினாய். சீசன் ஆரம்பிக்க ரெண்டு வாரம்தான் இருக்கிறது என்றாய், ரப்பர் பூட்ஸ் வாங்கியதைச் சொன்னாய். பிறகு போகிற போக்கில், "பாதை ரொம்பக் குறுகல் வாப்பா, ஒத்தயடிதான். மாமாக்கு முட்டி வலி, மெதுவாத்தான் நடப்பாங்க. அதனால நான் முன்னால, மாமா எனக்குப் பின்னால" என்றாய்.

நீ முன்னால், அந்தத் துப்பாக்கி உன் முதுகுக்குப் பின்னால். பதினோரு நாளாக நான் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தக் குழல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் என்று யோசிக்கவே இல்லை. துப்பாக்கிக் கடைக்காரன் முதல் நாள் கற்றுக்கொள்வது அதைத்தான். நான் கத்தியது அப்போதுதான். நீ முன்னால் போகாமல் இருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்குமா என்று நீ கேட்பாய். தெரியவில்லை. வந்திருக்கும் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் நானே நம்பாததை உனக்கு எழுத மாட்டேன். ஹாஜிரா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "மாமா, சாப்டீங்களா?" என்று போனில் குரல் பதிந்து அனுப்புகிறாள். இன்றைக்கும் வந்திருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. அவளுடைய வாப்பாவுக்கு என்ன நேரட்டும் என்று நான் நினைத்திருந்தேன் எனத் தெரிந்தால் அந்தப் பெண் என்னை எந்த முகத்தோடு பார்ப்பாள்? அவள் முன்னால் எனக்குத் தலை குனிகிறது. அவர் முன்னால் குனியவில்லை, குனியவும் செய்யாது.

இனி நீ செய்ய வேண்டியது. லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் அதைக் கொண்டு போ. "நல்லா இருக்கா?" என்று கேட்காதே, எல்லோரும் தலையாட்டுவார்கள். பாதி நிறுத்திய சுத்தியல் விரல் பட்டால் விழுகிறது, சுத்தியலையும் விசையையும் மாற்று என்று சொல். மாற்றிய பிறகும், யார் முன்னால் யார் பின்னால் நடந்தாலும், மானைக் கண்ட பிறகுதான் லீவரை இழுத்துத் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற வேண்டும். இந்தக் கடிதத்தை ஹாஜிராவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். ஆனால் அவள் வாப்பா படிக்க வேண்டும். கண்ணாடி இல்லை, அப்புறம் பார்க்கிறேன் என்றால் நீயே வாசித்துக் காட்டு, கத்தரிக்கோல் வருகிற இடத்தை நிறுத்தி வாசி. கவனமில்லாதவன் என்று ஊரெல்லாம் சொன்னாரே, அந்தக் கவனமில்லாதவன்தான் கடல் தாண்டி, ஒரு போனில் பார்த்து, அவர் துப்பாக்கியின் குறையைக் கண்டுபிடித்தான் என்று சொல். இதற்குப் பிறகும் நான் அவரை மன்னித்துவிட்டதாக நினைத்துவிடப் போகிறார், அப்படி இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடு.

இப்போது பொட்டலத்தைப் பிரி. சிவப்பு நூல் இருக்கிறதா? பக்கத்துத் தையற்கடையில் காலையில் வாங்கியது, கெட்டி நூல். பழைய நூலை அனுப்பவில்லை, அது என் பர்சிலேயே இருக்கும், என்னோடு வரும். இந்தப் புது நூலை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லீவர் வளையத்தையும் கட்டையின் கழுத்தையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டு. இடது கையால் கட்டு, உனக்கு அதுதான் வரும். மெக்கானிக் தன் வாயால் சரி என்று சொல்லும் வரை அது இருக்க வேண்டும், வேலைக்காக அவிழ்த்தாலும் முடிந்ததும் திரும்பக் கட்டி வாங்கு. வேலை முடிந்த பிறகு நீ அவிழ்க்காதே. கத்தரிக்கோலை உன் மாமனார் கையில் கொடு. அறுக்க அவருக்குத் தெரியும்.

உன் வாப்பா